பம்ப் மேல் பழி

பழைய டிராக்டரில் பவர் ஸ்டியரிங் கனக்க ஆரம்பித்தால் எங்கள் டெல்டா பக்கத்துப் பட்டறைகளில் தீர்ப்பு ஒன்றுதான்: "பம்ப் வீக்காயிடுச்சு." மெக்கானிக் வண்டியில் ஏறி உட்காருவார். ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒரு தரம் திருப்புவார். உதட்டைப் பிதுக்குவார். இறங்கும்போதே புதுப் பம்புக்கு ஃபோன் போய்விடும். பானெட் இன்னும் திறக்கவில்லை, டிரைவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை, முன் டயரில் காற்று இருக்கிறதா என்று யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மெக்கானிக்குகள் மட்டும்தான் இப்படி என்றில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொல்கிறார்கள், பக்கத்து வயல்காரர் சொல்கிறார், டீக்கடையில் சொல்கிறார்கள். ஊரே சொல்வதால் அது நிரூபணம் ஆகிவிடாது. நான் கைவைத்துப் பார்த்த வண்டிகளில் பம்ப் நிஜமாகவே தேய்ந்து வந்தவை குறைவு. பம்பை மாற்றிய பிறகும் கனம் குறையாமல் வந்தவைதான் அதிகம். அப்படி வந்தவர்களில் ஒருவர்கூட மாற்றச் சொன்னவரிடம் போய், "ஏன் மாற்றினீர்கள்" என்று கேட்டதில்லை. "புதுப் பம்பும் டூப்ளிகேட் போலிருக்கு" என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்கள்.

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் "டைட்டா இருக்கு" என்ற சொல்லைத் தொட வேண்டும். வருகிற டிரைவர் எல்லோர் வாயிலும் அந்த ஒரே சொல்தான் வரும். உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால், அதே ஆள் அதை நாலாகப் பிரித்துச் சொல்வார். ஒருவருக்கு மெதுவாகத் திருப்பினாலும் வேகமாகத் திருப்பினாலும் எந்நேரமும் கனக்கும். இன்னொருவருக்கு மெதுவாகத் திருப்பினால் பூ மாதிரி வரும், வரப்பு ஓரத்தில் அவசரமாக வெட்டித் திருப்பும்போதுதான் கையைப் பிடிக்கும். மூன்றாமவருக்குக் கனமே இல்லை, விட்டு விட்டு உதறும். நாலாமவருக்கு ஸ்டியரிங் லேசாகத்தான் சுற்றும், ஆனால் சக்கரம் அதற்குத் தக்கபடி திரும்பாது. நேர்ச்சாலையில் போகும்போதும் ஒரு பக்கமாகத் திருத்திக்கொண்டே வருவார். நாலும் நாலு வியாதி. முதலாவதில் அழுத்தம் எழவில்லை, அல்லது இரும்போடு இரும்பு எங்கேயோ பிடித்திருக்கிறது. இரண்டாவது ஆயில் ஓட்டம் போதாமை. மூன்றாவது பெரும்பாலும் காற்று. நாலாவதில் ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவிக்கொண்டிருக்கிறது. இந்த நாலுக்கும் ஒரே மாத்திரையாகப் பம்பைக் கொடுக்கிறோம்.

நேரத்தையும் கேட்க வேண்டும். காலையில் நன்றாக இருந்து, பத்து மணிக்கு மேல் வண்டி சூடேறியதும் கனத்தால், சூட்டில் இளகிய ஆயில் தேய்மானத்தின் இடுக்குகளில் ஒழுகுகிறது. அந்த இடுக்கு பம்பிலும் இருக்கலாம், ஸ்டியரிங் யூனிட்டிலும் இருக்கலாம், சிலிண்டரிலும் இருக்கலாம். காலையில் கனத்து, போகப்போக லேசானால் ஆயில் தடிமன் தப்பு, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. கைக்கு வந்த பழைய இஞ்சின் ஆயிலை ஸ்டியரிங் டேங்கில் ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. இவ்வளவும் ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்காமல் தெரிந்துகொள்ளக் கூடியவை.

பம்ப் பற்றிய அடிப்படைத் தப்பெண்ணம் ஒன்று இருக்கிறது. பம்ப்தான் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று நினைக்கிறோம். பம்ப் ஓட்டத்தைத்தான் தரும். எதிரே தடை இருந்தால்தான் அழுத்தம் பிறக்கும். விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. போர்செட் மோட்டார் ஓடும்போது தண்ணீர் தொட்டியில் சும்மா கொட்டினால் குழாயில் அழுத்தம் கிடையாது. கேட் வால்வை மூடிக்கொண்டு வந்தால் முள் ஏறும். டிராக்டர் ஸ்டியரிங்கிலும் அதே கதைதான். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பாதவரை பம்ப் தள்ளும் ஆயில் யூனிட்டுக்குள் புகுந்து நேராக டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. திருப்பும்போதுதான் அந்த வழி அடைபட்டு ஆயில் சிலிண்டருக்குப் போகிறது. சக்கரம் எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவுக்கு அழுத்தம் ஏறும். ரிலீஃப் வால்வு அனுமதிக்கிற அளவுக்கு மேல் ஏறாது.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் குறைவாக வந்தால் எந்த விவசாயியாவது முதல் வேலையாக மோட்டாரைக் கழற்றுவாரா? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலோரம் நடப்பார். எங்கே மடை உடைந்திருக்கிறது, எங்கே நண்டு வளை போட்டிருக்கிறது, எங்கே சருகு அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். வயலில் இத்தனை புத்திசாலியாக இருக்கிற அதே ஆள், பட்டறை வாசலில் வந்ததும் ஏன் மோட்டாரைக் கழற்றச் சம்மதிக்கிறார் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். கார்களுக்கான பவர் ஸ்டியரிங்கை அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926இல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். அது விற்பனைக்கு வர 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் வரவேண்டியிருந்தது. அந்த வகையில் ஸ்டியரிங் தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு அப்படியே உண்டு, ஹைட்ராலிக் வெறும் உதவிக்கை. நான் பேசுகிற டிராக்டர் வகையில் அந்தத் தொடர்பே கிடையாது. பட்டறையில் 'ஆர்பிட்ரால்' என்று சொல்கிற யூனிட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது இரண்டு ஹோஸும் ஆயிலும் மட்டும்தான். (ஆர்பிட்ரால் ஒரு வணிகப் பெயர். ஜெராக்ஸ் மாதிரி அதுவும் பொதுப்பெயராகிவிட்டது.) யூனிட்டுக்குள் பல்சக்கரம் போன்ற ஓர் அளவுகோல் இருக்கிறது. நீங்கள் ஒரு சுற்றுச் சுற்றினால் அது ஒரு சுற்றுக்கான ஆயிலை அளந்து சிலிண்டருக்கு அனுப்பும். பம்ப் தருவதைவிட வேகமாக நீங்கள் சுற்றினால், மிச்ச ஆயிலை உங்கள் கைதான் தள்ள வேண்டும். அந்த நொடியில் பம்ப் நீங்களேதான். கை கனக்காமல் என்ன செய்யும்?

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். சுற்றுக்கு 8 சிசி தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொள்வோம். இஞ்சின் வேகத்திலேயே அது சுற்றினால் 2000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 16 லிட்டர். ஐடிலில், 750 ஆர்பிஎம்மில், 6 லிட்டர். ஸ்டியரிங் யூனிட் சுற்றுக்கு 100 சிசி அளப்பது என்றால், நொடிக்கு ஒரு சுற்று வீதம் திருப்ப நிமிடத்துக்கு 6 லிட்டர் வேண்டும். ஆக, பம்ப் புத்தம்புதிதாக இருந்தாலும் ஐடிலில் வேகமாகத் திருப்பினால் விளிம்பில்தான் நிற்கிறோம். பம்ப் கொஞ்சம் தேய்ந்து 2 லிட்டர் உள்ளேயே நழுவினால் 4 லிட்டர்தான் மிஞ்சும், அதில் நிமிடத்துக்கு 40 சுற்றுக்கு மேல் லேசாகத் திருப்ப முடியாது. ஆக்சிலேட்டரை ஏற்றி 1200க்குக் கொண்டுபோனால் 9.6 லிட்டரில் 2 போக 7.6. மறுபடியும் பூ மாதிரி வந்துவிடும். தேய்ந்த பம்பின் கையெழுத்து இதுதான்: ஐடிலில் வேகமாகத் திருப்பினால் கனம், இஞ்சின் வேகத்தை ஏற்றினால் லேசு, மெதுவாகத் திருப்பினால் எப்போதும் லேசு. இந்த மூன்றும் சேர்ந்து இல்லாத வண்டியில் பம்பின் மேல் கைவைப்பவர் யூகத்தில் வேலை செய்கிறார், அந்த யூகத்துக்குப் பணம் கொடுப்பது வண்டிக்காரர்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வண்டியைக் கொண்டு வந்தார். மெக்கானிக்கல் ஸ்டியரிங்கோடு வந்த பழைய வண்டி, பிற்பாடு கிட் வாங்கிப் பவர் ஸ்டியரிங் மாட்டியது. முன்னால் டோசர் பிளேடு. "தம்பி, ஒரே வருஷத்துல ரெண்டு பம்ப் மாத்தியாச்சு. ரெண்டாவது பம்ப் வந்தப்புறம் இன்னும் மோசம்" என்றார். எந்நேரமும் கனமா என்று கேட்டேன். "எந்நேரமும். ஆக்சிலேட்டரை மிதிச்சாலும் அப்பிடியேதான்." அப்படியானால் பம்பாக இருக்க வாய்ப்பு குறைவு என்று அந்தப் பதிலே சொல்லிவிட்டது. முன் ஆக்சிலை நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் மரக்கட்டை அண்டக் கொடுத்தோம். இஞ்சின் ஆஃப். சிலிண்டர் ராடின் முனையிலிருக்கும் பின்னைக் கழற்றி ராடை ஒதுக்கிவிட்டோம். இப்போது முன் சக்கரத்துக்கும் ஹைட்ராலிக்குக்கும் எந்த உறவும் இல்லை. சக்கரத்தைக் கையால் பிடித்துத் திருப்பினால் குழந்தைகூடத் திருப்ப வேண்டும். பெரியவரின் மகன் பிடித்தார், அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தள்ளியதும் கிறீச் என்று ஒரு சத்தத்தோடு கொஞ்சம் நகர்ந்து நின்றது.

சக்கரம் இடம் வலம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங்பின்னைத் தட்டிக் கழற்ற அரை நாள் ஆயிற்று. வெளியே வந்தபோது அது கிங்பின் மாதிரியே இல்லை, கிணற்றில் கிடந்த இரும்பு மாதிரி இருந்தது. அடியில் இருந்த திரஸ்ட் பேரிங்கில் குண்டுகள் தனித்தனியாக இல்லை. துருவும் தொளிச்சேறும் சேர்ந்து செங்கல்பொடியாகக் கொட்டியது. புஷ்ஷில் கிரீஸ் வாசனைகூட இல்லை. "மாசம் தவறாம கிரீஸ் அடிக்கிறோமே" என்று மகன் அடித்துச் சொன்னார். அவர் சொன்னது பொய் இல்லை. நிப்பிளைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே துளையில் காய்ந்த சேறு ஆணி மாதிரி அடைத்திருந்தது. கிரீஸ் கன்னை அமுக்க அமுக்க, கிரீஸ் உள்ளே போகாமல் நிப்பிளின் தலையைச் சுற்றி வெளியே பிதுங்கியிருக்கிறது. பார்க்கிறவனுக்கு நிறைய கிரீஸ் இருப்பது போலவே தெரியும். தொளி உழவுக்குப் போகிற வண்டிகளில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கிரீஸ் அடிக்கும்போது பழைய கிரீஸ் கிங்பின்னின் மேலும் கீழும் கசிந்து வெளியேற வேண்டும். நிப்பிளில் மட்டும் பிதுங்கினால் அடித்தது வீண்.

"ஆனா ஜாக்கியில தூக்கி இஞ்சினை ஓட விட்டுத் திருப்பினா லேசா வந்துச்சே, அதைப் பார்த்துத்தானே பம்ப்னு சொன்னாங்க" என்றார் பெரியவர். பட்டறைகளின் அபிமானச் சோதனை இதுதான். சக்கரம் தரையில் இருக்கும்போது கனம், தூக்கினால் லேசு, ஆகவே பம்ப் பலவீனம் என்கிறார்கள். இந்தச் சோதனையில் எதுவும் நிரூபணமாகாது. 50 மில்லிமீட்டர் குழாயும் 25 மில்லிமீட்டர் ராடும் உள்ள சிலிண்டரில், ராடு உள்ள பக்கத்தில்கூட 14.7 சதுர சென்டிமீட்டர் பரப்பு உண்டு. 100 பார் அழுத்தத்தில் அது தரும் விசை ஏறத்தாழ 1,500 கிலோ. காற்றில் தொங்குகிற சக்கரத்தைத் திருப்ப அதில் பாதி அழுத்தம்கூட வேண்டாம். பாதி செத்த பம்பும் தூக்கிய நிலையில் நல்லவனாகத்தான் தெரியும். பாதி பிடித்துப்போன கிங்பின்னையும் அந்த விசை ஓசையில்லாமல் தள்ளிவிடும், அதுவும் நல்லவனாகத்தான் தெரியும். ராடைக் கழற்றிவிட்டுத் திருப்பினால்தான் யார் எவர் என்று தெரியும். கழற்றியபடியே, ராடு போகும் வழியில் கையோ ஆளோ இல்லாமல் பார்த்துக்கொண்டு, இஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கையும் திருப்பிப் பாருங்கள். சுமை எதுவுமே இல்லாதபோதும் கை கனத்தால், குற்றம் கையிலிருந்து யூனிட் வரையிலான பாதையில் இருக்கிறது. கிட் மாட்டிய வண்டிகளில் தண்டும் யூனிட்டும் ஒரே கோட்டில் இல்லாமல் நெட்டுக்குத்தாக இடித்துக்கொண்டிருப்பது சகஜம். அப்படி இடித்தால் திருப்பி முடித்த பிறகும் உள்ளே வால்வு நடுநிலைக்கு வராது. பம்ப் எந்நேரமும் அழுத்தத்தில் உழைத்து ஆயில் கொதிக்கும். அதற்கும் பழி பம்ப்தான் சுமக்கும்.

டயரையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பார்கள் என்று தெரிந்தும். 6.00-16 அளவு முன் டயரில் காற்று பாதியாக இருந்தால் தரையோடு ஒட்டுகிற பரப்பு விரியும். நின்ற இடத்தில் திருப்பும்போது ரப்பரைத் தரையில் தேய்த்துத்தான் திருப்ப வேண்டியிருக்கும். அதோடு முன்னால் ஒரு டோசர் பிளேடையும் தொங்கவிட்டுவிட்டு, முன் ஆக்சிலில் இத்தனை சுமையை எதிர்பார்க்காத வண்டியைக் கனக்கிறது என்று குறை சொல்வது நியாயமில்லை.

மறுபக்கத்து வாதத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. அதில் பலமானது இதுதான்: யூனிட் நாம் திருப்பும்போது மட்டும்தான் வேலை செய்கிறது, சிலிண்டரும் அப்படித்தான், பம்ப் மட்டும் இஞ்சின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சுற்றுகிறது, அதனால் முதலில் தேய்வது பம்பாகத்தானே இருக்க முடியும்? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பல்சக்கரப் பம்ப் சுற்றுவதால் மட்டும் தேய்வதில்லை, அழுத்தத்தில் சுற்றுவதாலும் அழுக்கைக் கடிப்பதாலும் தேய்கிறது. திருப்பாத நேரமெல்லாம் ஆயில் சும்மா சுற்றி டேங்குக்கு வந்துகொண்டிருக்கிறது, பம்பின் மேல் சுமை மிகக் குறைவு. ஆயில் சுத்தமாக இருந்தால் அது வண்டியோடு கிழடாகும். ஆயில் அழுக்காக இருந்தால் கதை வேறு. அப்போதும் பம்பை மட்டும் மாற்றுவது பலன் தராது. தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன். யூனிட்டுக்குள் சுழலும் உருளைக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி அதைவிடப் பல மடங்கு குறைவு. பழைய பம்பைத் தின்ற உலோகத்தூள் ஹோஸிலும் சிலிண்டரிலும் டேங்கின் அடியிலும் அப்படியே கிடக்கிறது. லைனைக் கழுவாமல், ஃபில்டரை மாற்றாமல் புதுப் பம்பைக் கோத்தால் அந்தத் தூளுக்குப் புது இரை போட்டதாகத்தான் ஆகும். பெரியவரின் இரண்டாவது பம்ப் முதலாவதைவிட மோசமாக வேலை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். டேங்கின் அடியில் விரலைவிட்டுத் துழாவியபோது குங்குமம் தொட்ட மாதிரி பளபளப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

பம்பை மாற்றியும் கேட்கவில்லை என்றால் பட்டறைக்கு அடுத்த யோசனை ஒன்று உண்டு: ரிலீஃப் வால்வை இறுக்குவது, அல்லது அதன் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷரைப் போடுவது. முந்தைய தப்பு பணத்தோடு போயிற்று. இது ஆளையே கொண்டுபோகும். ரிலீஃப் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அந்த எண்ணை ஹோஸும் சிலிண்டரும் அதைத் தாங்கி நிற்கும் பிராக்கெட்டும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. கிட் மாட்டிய வண்டியில் அந்த பிராக்கெட் உள்ளூர் வெல்டிங். வாஷர் போட்டதும் ஸ்டியரிங் இரண்டு நாள் லேசாகத்தான் இருக்கும், அதனால்தான் இந்த வித்தை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. உண்மையில் காய்ந்த கிங்பின் அப்படியே காய்ந்துதான் இருக்கிறது, அதைக் கூடுதல் பலத்தோடு திருகிக்கொண்டிருக்கிறீர்கள். ரோட்டில் டிரெய்லரில் கரும்பு ஏற்றிப் போகும்போது ஹோஸ் வெடித்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. நடுவில் இருப்பது ஆயில் மட்டும்தான் என்று மேலே சொன்னேன்.

ரிலீஃப் வால்வை இறுக்கச் சொல்பவர்கள் அதைக் கழற்றிக் கழுவச் சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். வால்வு தேய்ந்து கனம் வருவதைவிட, அதன் உட்காரும் இடத்தில் ஒரு துளி உலோகத்தூளோ ஓரிங் துணுக்கோ மாட்டிக்கொண்டு அரைகுறையாகத் திறந்தே கிடப்பதால் கனம் வருவதுதான் வழக்கம். மண்ணெண்ணெயில் கழுவி ஊதி மாட்டுகிற வேலை. இறுக்கிய வால்விலும் அந்தத் துணுக்கு அங்கேயேதான் இருக்கும்.

சிலிண்டரை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். ஒரே ஒரு பக்கம் மட்டும் கனத்தால் பம்பை மறந்துவிடுங்கள், பம்புக்கு இடம் வலம் தெரியாது. ராடு ஒரு பக்கம் மட்டும் நீட்டியிருக்கும் ஒற்றைச் சிலிண்டர் என்றால் சின்ன வித்தியாசம் பிறவியிலேயே உண்டு. முன்சொன்ன அளவில் தள்ளும்போது 2,000 கிலோ, இழுக்கும்போது 1,500. அதற்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் பிஸ்டன் சீலையோ யூனிட்டையோ பார்க்க வேண்டும். யூனிட்டைப் பிரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே அளவுப் பல்சக்கரத்தையும் தண்டையும் கோக்க ஒரு குறி இருக்கிறது. அதைத் தவறவிட்டுக் கோத்தால், இஞ்சினைப் போட்டதும் ஸ்டியரிங் தானாகவே விசிறி மாதிரி சுற்றும், கைவிரல் முறியும். பிரிக்கும்போது உருண்டு கீழே விழுகிற சின்ன இரும்புக் குண்டு ஒன்றும் இருக்கிறது. வண்டிக்கடியில் தேடிக் கிடைக்காமல் "ஒண்ணு மிச்சம்" என்று அப்படியே கோத்துவிட்ட வண்டிகளை நான் அறிவேன். அந்தக் குண்டு இல்லாவிட்டால் பம்ப் தள்ளும் ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். நல்ல பம்பையும் கெட்ட பம்பாகக் காட்ட அது ஒன்று போதும்.

பம்ப் நிஜமாகவே குற்றவாளியாக இருந்த ஒரு வண்டியையும் சொல்கிறேன், ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வண்டியில் ஸ்டியரிங் டேங்கில் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. வாரம் ஒரு தரம் ஊற்றினார்கள். கீழே ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. ஹோஸெல்லாம் காய்ந்து கிடக்கிறது. ஆயில் எங்கே போகிறது என்று மூன்று பட்டறைகளில் தலையைச் சொறிந்திருக்கிறார்கள். இஞ்சின் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது அளவுக்கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. இஞ்சினின் டைமிங் கியரிலிருந்து சுற்றும் பம்ப் அது. அதன் தண்டின் சீல் கிழிந்து, ஸ்டியரிங் ஆயில் சத்தமில்லாமல் இஞ்சின் சம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. டேங்கில் மட்டம் குறைந்ததும் பம்ப் காற்றை இழுக்க, ஆயில் நுரைத்து, ஸ்டியரிங் உதறியும் கனத்தும் தொல்லை கொடுத்திருக்கிறது. அதற்கு மருந்து ஒரு சீல். ஆனால் அதற்குள் முழுப் பம்பையே மாற்றியிருந்தார்கள், இஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றவில்லை.

கடைசியாக வருகிற வாதம் நேரம். "மேட்டூர் திறந்த வாரத்தில் வண்டி வந்தால் இந்த விசாரணைக்கெல்லாம் யாருக்கு நேரம்? பம்பை மாற்றி அனுப்பினால் வேலை முடிந்தது." ஜூன் மாதத்தில் பட்டறை வாசலில் பத்து வண்டி நிற்கும் என்பது உண்மை, நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். ஆனால் ராடின் பின்னைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்க்க அரை மணி நேரம். பம்பை மாற்றப் பாதி நாள். நேரம் இல்லாதவன் எதை முதலில் செய்ய வேண்டும்?

அதற்கு அடுத்த அரை மணி நேரம் பிரஷர் கேஜுக்கு. தொளி உழவுக்கு மாட்டுகிற கேஜ் வீல் தெரியாத பட்டறை டெல்டாவில் ஒன்றுகூட இல்லை, பிரஷர் கேஜ் இருக்கிற பட்டறையைத்தான் தேட வேண்டியிருக்கிறது. 250 பார் வரை காட்டும் ஒரு கேஜ், ஒரு டி ஜாயின்ட், ஒரு நல்ல ஹோஸ் போதும். பம்புக்கும் யூனிட்டுக்கும் நடுவில் மாட்டி, ஆயில் சூடாகும்வரை ஓட்டி, ஸ்டியரிங்கை ஒரு பக்கக் கடைசிக்குத் திருப்பி ஐந்து நொடிக்கு மேல் போகாமல் பிடிக்க வேண்டும். மேனுவல் சொல்லும் எண் வந்துவிட்டால், ஓட்டக் குறைவின் அந்த மூன்று அடையாளமும் இல்லாத வண்டியில் பம்பைத் தொட வேண்டியதில்லை. எண் வராவிட்டாலும் பம்ப் என்று அப்போதே சொல்லிவிட முடியாது. சிலிண்டருக்குப் போகும் இரண்டு வழியையும் யூனிட்டிலேயே அடைத்துவிட்டு மறுபடி பார்த்து, அப்போது எண் ஏறினால் சிலிண்டர். ஏறாவிட்டால் ரிலீஃப் வால்வு, அதற்கப்புறம் யூனிட், எல்லாம் பார்த்து முடித்த பிறகு பம்ப். பம்பின் வாயை மட்டும் நேராக அடைத்துச் சோதிக்கக் கூடாது. ரிலீஃப் வால்வு பம்பிலேயே இல்லாத வண்டியில் அப்படிச் செய்தால் பம்ப் உடையும், இல்லாவிட்டால் கேஜ் பறக்கும். கசிவைக் கையால் தடவித் தேடுவதும் கூடாது. ஊசித் துளையிலிருந்து பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரி விஷயம். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

பெரியவர் வண்டிக்குப் புதுக் கிங்பின், புது புஷ், புதுத் திரஸ்ட் பேரிங் போட்டு, டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி ஓட்டினோம். ஒரே கையால் திரும்பியது. முதன்முதலில் கழற்றிய பழைய பம்ப் எங்கே என்று கேட்டேன். மாட்டுக்கொட்டகையில் சாக்குக்குள் கிடக்கிறது, இரும்புக் கடைக்குப் போடலாம் என்று வைத்திருப்பதாகச் சொன்னார். கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் வந்தது. சாணி ஒட்டியிருந்த அதைக் கழுவி, மாட்டி, கேஜைப் போட்டோம். அந்த வண்டிக்கு 100 பார் வேண்டும், முள் 95இல் போய் நின்றது. அதையே மாட்டி வைக்கட்டுமா என்று கேட்டேன். பெரியவர் கொஞ்ச நேரம் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாட்டிடு தம்பி. மத்த ரெண்டையும் சாக்குல கட்டிக்குடு, யார்கிட்ட வாங்குனேனோ அவன் கடைக்கு ஒரு நடை போயிட்டு வரேன்" என்றார்.